விரைவும் செம்மையும்: மோட்டார் வண்டித் திருத்தத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

"பதறாத காரியம் சிதறாது" என்று சொல்லும் அதே வாய், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் சொல்லிவிடுகின்றது. தமிழர் வழக்கில் இவ்விரு முதுமொழிகளும் ஒன்றையொன்று மறுத்தபடியே நெடுங்காலம் அருகருகே வாழ்ந்து வந்துள்ளன. எந்தக் கருமத்துக்கு எந்த முதுமொழி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கருமம் செய்பவனிடமே மொழி விட்டுவிட்டது. வள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் தாழ்த்திச் செய்யத்தக்கதையும் தாழ்த்தாது செய்யத்தக்கதையும் வேறு பிரித்தாரேயன்றி, விரைவே நன்று என்றோ நிதானமே நன்று என்றோ பொதுத் தீர்ப்பு வழங்கவில்லை.

இப்பாகுபாட்டை ஏட்டில் செய்தல் எளிது. எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு, வாசலில் வாடிக்கையாளர் காத்து நிற்க, அதனைச் செய்தல் அத்துணை எளிதன்று. இவ்வகையில் மோட்டார் வண்டிகளைத் திருத்தும் கராச் தனித்து நோக்கத்தக்கது. தச்சன் செய்த கதவு சரிவரப் பொருந்தாவிடின் அது அன்றே தெரிந்துவிடும். தையற்காரர் தைத்த சட்டையின் குறை அணிந்தவுடனே தெரிந்துவிடும். கராச்சில் நேர்ந்த பிழையோ பெரும்பாலும் அங்கே தெரிவதில்லை. அது வண்டியோடு வீதிக்கு வருகின்றது; பல நாள் ஒளிந்திருக்கின்றது; மழை பெய்யும் ஓர் இரவில், ஏதோ ஒரு திருப்பத்தில் தன்னை அறிவிக்கின்றது. அப்போது வண்டிக்குள் இருப்பவர் பிழை செய்தவர் அல்லர். விரைவா, செம்மையா என்ற வினா கராச்சில் வெறும் தொழில்நுட்ப வினாவாக நின்றுவிடாமல் அறவினாவாகவும் மாறுவது இதனாலேயே.

மோட்டார் வண்டியின் வரலாறு விரைவின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. 1913 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஹென்றி போர்ட் நகரும் பொருத்து வரிசையை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன் ஏறத்தாழ பன்னிரண்டரை மணித்தியாலம் எடுத்த ஒரு வண்டியின் அடிச்சட்டப் பொருத்துவேலை, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 93 நிமிடங்களாகக் குறுகிற்று. 1911 இல் வெளிவந்த பிரெடெரிக் ரெயிலரின் விஞ்ஞான முகாமைத்துவ நூலும் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தின் முன் நிறுத்தியது. ஒரே வகையான ஆயிரம் வண்டிகளைச் செய்யும் இடத்தில் இத்தகைய கணிப்புக்கு இடமுண்டு. முதலாவது வண்டிக்குப் பொருந்திய போல்ற் ஆயிரமாவது வண்டிக்கும் பொருந்தும்.

திருத்தம் இதனின்றும் முற்றிலும் வேறானது. தொழிற்சாலையை விட்டு ஒருங்கே வெளியேறிய இரண்டு வண்டிகள் பத்தாண்டுகளின் பின் ஒரே கராச்சுக்குள் நுழையும்போது இரட்டையராக இருப்பதில்லை. ஒன்று கடற்காற்றில் துருப்பிடித்தது. மற்றொன்று மலைநாட்டு ஏற்றங்களில் தேய்ந்தது. ஒன்றைப் பலர் திருத்தியிருப்பர்; மற்றொன்றை எவருமே தொட்டிருக்கமாட்டார். ஆகவே, உற்பத்தி என்பது தெரிந்ததைத் திரும்பச் செய்தல் எனின், திருத்தம் என்பது தெரியாததைக் கண்டறிதலில் தொடங்குவது எனலாம். மருத்துவத்துக்கும் கராச்சுக்கும் இடையிலான உறவு இங்கேதான் உள்ளது. கருவிகளின் ஒற்றுமையில் அன்று.

இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாமல், உற்பத்தியின் கடிகாரத்தைத் திருத்தத்துக்கும் மாட்டிவிட முயன்றதன் விளைவே அமெரிக்கக் கராச்சுகளில் வழங்கும் ‘பிளாற் றேற்’ என்னும் கூலிமுறை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணித்தியாலம் என ஒரு புத்தகம் வரையறுக்கும். மெக்கானிக் அதனை எத்தனை மணித்தியாலத்தில் முடித்தாலும் அவருக்குக் கிடைப்பது புத்தகம் சொன்ன மணித்தியாலங்களுக்கான கூலியே. கைதேர்ந்தவருக்கு இம்முறை நன்மை தருகின்றது. சோம்பலுக்குக் கூலி கொடுக்க வேண்டிய நிலையினின்றும் வாடிக்கையாளரையும் காக்கின்றது. ஆயினும், துருவேறி இறுகிய போல்ற்றைக் கழற்ற எடுக்கும் நேரத்தையும், ஒரு சத்தம் எங்கிருந்து வருகின்றது எனச் செவிசாய்த்து நிற்கும் நேரத்தையும் அப்புத்தகம் எளிதில் கணக்கெடுப்பதில்லை. கணக்கில் வராத நேரத்தைக் குறைப்பதே இலாபம் என்றாகிவிட்டால், முதலில் குறைக்கப்படுவது எது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பொதுவாகப் பேசாமல் ஒரு வேலையை எடுத்து நோக்கினால் இது தெளிவாகும். எஞ்சினின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது கஸ்கற். அது எரிந்துபோனால் தண்ணீர் எண்ணெயோடு கலக்கும். வெந்நீர் கொதித்து றேடியேற்றரால் பொங்கும். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய வேலை இது. அந்த வாக்கியத்துக்குள் எத்தனை படிகள் அடங்கியுள்ளன என்பது செய்பவருக்கே தெரியும். எஞ்சின் முற்றாக ஆறிய பின்னரே ஹெட்டின் போல்ற்றுகளைத் தளர்த்த வேண்டும்; சூட்டோடு தளர்த்தினால், குறிப்பாக அலுமினிய ஹெட், வளைந்துவிடக் கூடும். இரு முகங்களிலும் ஒட்டியிருக்கும் பழைய கஸ்கற்றின் எச்சத்தைக் கீறல் விழாது சுரண்டி எடுக்க வேண்டும். நேர்விளிம்பொன்றை ஹெட்டின் மேல் வைத்து, அதன் கீழ் மெல்லிய அளவுத் தகட்டைச் செலுத்தி, வளைவு உண்டா எனப் பார்க்க வேண்டும். மீண்டும் பூட்டும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒரே மூச்சில் அன்றிப் பல படிகளாக, சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் சிறிது ஓடவிட்டபின் மறுபடியும் இறுக்கி, வால்வுகளின் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். புதிய எஞ்சின்கள் பலவற்றில் அந்தப் போல்ற்றுகள் இறுக்கும்போதே நீளும் வகையின. ஒருமுறை கழற்றியவற்றை மீண்டும் பயன்படுத்தலாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வினா உள்ளது: கஸ்கற் ஏன் எரிந்தது? தேமோஸ்ரற் இறுகியதாலா, றேடியேற்றர் அடைபட்டதாலா, தண்ணீர்ப் பம் ஒழுகியதாலா? இவ்வினாவைக் கேளாது கஸ்கற்றை மட்டும் மாற்றியவரின் வண்டியும், கேட்டு விடை கண்டவரின் வண்டியும் கராச்சை விட்டு வெளியேறும் நாளில் ஒன்றுபோலவே ஓடும். ஒன்று மாதமொன்று கழிய முன்னரே அதே நோயோடு திரும்பி வரும்.

இவ்வொரு வேலைக்குள் மூவகை நேரம் இருப்பதைக் காணலாம். ஒன்று கையின் நேரம்: கழற்றல், பூட்டல், கருவியைத் தேடல். இதில் விரைவு குற்றமன்று, பெருமையே. கருவிகளை வரிசையாக வைத்திருப்பவரும், கழற்றிய நட்டுகளை வெவ்வேறு தகரங்களில் இட்டு வைப்பவரும் எதனையும் தவிர்க்காமலே விரைந்து முடிப்பர். இரண்டாவது பொருளின் நேரம்: இரும்பு ஆறும் நேரம், பசை காயும் நேரம், பூச்சு உலரும் நேரம். இதனை எந்த வல்லவனாலும் அதட்டிக் குறைக்க முடியாது. மூன்றாவது சிந்தையின் நேரம்: பார்த்தல், கேட்டல், ஐயுறல், சோதித்தல். வெளியே நிற்பவருக்கு இது வேலையாகவே தோன்றுவதில்லை. மெக்கானிக் கைகட்டி நிற்பதாகவே தோன்றும். அவசரம் முதலில் விழுங்குவது இம்மூன்றாவது நேரத்தையே. ஆகவே விரைவுக்கும் செம்மைக்கும் இயல்பான பகை இல்லை. கையின் விரைவு செம்மைக்குத் துணை. சிந்தையின் நேரத்தைத் திருடிப் பெறும் விரைவே செம்மைக்குப் பகை.

விரைவின் உச்சம் எனக் கருதப்படும் காரோட்டப் பந்தயங்களும் இதனையே உணர்த்துகின்றன. 2023 ஆம் ஆண்டு கட்டார் பந்தயத்தில் மக்லாரன் அணியினர் ஒரு காரின் நான்கு சில்லுகளையும் 1.80 செக்கனில் மாற்றினர். கண்ணிமைக்கும் பொழுதில் நடந்த அவ்வேலையின் பின்னால் இருபதுக்குக் குறையாதோரின் கைகளும், எண்ணற்ற ஒத்திகைகளும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பணி. அப்பணியில் கண்டறிய வேண்டியது ஏதுமில்லை. சிந்தையின் நேரம் முழுவதும் முன்கூட்டியே செலவழிக்கப்பட்டுவிட்டது. அத்தகைய ஒழுங்கிலும் 2018 ஆம் ஆண்டு பஹ்ரேய்ன் பந்தயத்தில் ஒரு சில்லு மாற்றப்பட முன்னரே காருக்குச் செல்லும்படி சமிக்ஞை காட்டப்பட்டுவிட்டது. சில்லின் முன்னே நின்ற மெக்கானிக்கின் கால் முறிந்தது. பந்தயத்தின் விரைவைப் பார்த்து வியப்பவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யப்பானிய அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. ரொயோடா சக்கிச்சி 1924 இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். அவர் வழிவந்த மோட்டார்த் தொழிற்சாலைகளில் இவ்வெண்ணம் மனிதருக்கும் விரிந்தது. குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவி கோரலாம். குறை தீராவிடின் வரிசை நிற்கும். நிறுத்துவது விரைவுக்கு எதிரானதன்று, பிழையோடு ஓடுவதே காலவிரயம் என்பது அதன் உட்பொருள். ஆனால் இக்கயிற்றை இழுக்கத் தொழிலாளிக்குத் துணிவு வேண்டும். இழுத்தவரை ஏசாத முதலாளியும் வேண்டும். இலங்கையின் கராச்சுகளில் எத்தனை பயிலுநர்ப் பொடியன்மாருக்கு, "இதை நான் சரியாய் இறுக்கினேனோ தெரியாது" என்று சொல்லும் உரிமை உண்டு என்பது கேட்கத்தக்க கேள்வியாகும். ஏச்சுக்கு அஞ்சி மௌனமாயிருக்கும் பதினேழு வயதுச் சிறுவனின் வாயிலேயே பல விபத்துகளின் தொடக்கம் அடங்கிக் கிடக்கின்றது.

எனினும், செம்மையைப் போற்றி விரைவைப் பழிப்பதோடு இவ்விடயத்தை முடித்துவிட முடியாது. விரைவு வேண்டும் எனக் கேட்பவர் எல்லாரும் பொறுமையற்றவர் அல்லர். யாழ்ப்பாணத்துச் சிறு கராச் ஒன்றில் நிகழ்ந்த உரையாடல் இது. முச்சக்கர வண்டியொன்றின் பின்சில்லில் பிரேக் ஒயில் ஒழுகியது. வண்டிக்காரர் இளைஞர், வண்டி குத்தகைக் கடனில் எடுத்தது.

"அண்ணை, பின்னேரத்துக்கிடையிலை தந்திடுவியளோ? நாளைக்கு லீசிங் காசு கட்டவேணும். அந்த ரப்பரை மட்டும் மாத்திவிட்டாக் காணும்."

முதிய மெக்கானிக் சில்லைக் கழற்றி உள்ளே பார்த்தார். "ரப்பர் மட்டும் மாத்தலாம் தம்பி. ஆனா சூ எல்லாம் ஒயில்லை ஊறிப் போச்சு. இது பிடிக்காது. சிலிண்டரும் உள்ளுக்கை அரிச்சிருக்கு. ரப்பரை மாத்தி அனுப்பினா, கிழமை ரெண்டிலை நீ திரும்பி வருவாய். வராட்டில் அது இன்னும் மோசம்."

இளைஞர் பேசவில்லை. ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் இல்லை. செம்மைக்காகக் காத்திருத்தல் அவருக்கு உலைநீரோடு சம்பந்தப்பட்ட விடயம். அவரிடம் பொறுமையைப் பற்றி உபதேசிப்பது கொடுமையாகும். மெக்கானிக் உபதேசிக்கவில்லை. பொடியனைச் சைக்கிளில் சாமான் கடைக்கு அனுப்பினார். முன்னால் வரிசையில் நின்ற காரைச் சுட்டி, "அவருக்கு வீட்டிலை இன்னொரு வாகனம் நிக்குது. அதை நாளைக்குப் பாப்பம்" என்றார். அன்று மாலை ஏழு மணியளவில், சூக்களும் சிலிண்டரும் மாற்றப்பட்டு, குழாய்களிலிருந்த காற்று முற்றாக வெளியேற்றப்பட்டு, வண்டி வெளியேறியது.

இங்கே ஒரு படியேனும் தவிர்க்கப்படவில்லை. ஆயினும் விரைவு கிடைத்தது. எங்கிருந்து? முன்னர் சொன்ன மூவகை நேரத்துக்கும் புறம்பான நான்காவது நேரத்திலிருந்து. அது காத்திருப்பின் நேரம். கராச்சில் மூன்று நாள் நிற்கும் வண்டியின் மேல் உண்மையில் கை படுவது சில மணித்தியாலங்களே. மிகுதி நேரம் சாமானுக்காகவும் முறைக்காகவும் அது காத்துக் கிடக்கின்றது. ஆகவே விரைவுபடுத்த விரும்புவோர் மெக்கானிக்கின் கையை அல்ல, வரிசையையே முதலில் நோக்க வேண்டும். வரிசையை யார் தேவைப்படி ஒழுங்கு செய்வது, யாருடைய அவசரம் மெய்யான அவசரம் என்பன பொருளாதார வினாக்கள்; ஓரளவுக்கு வர்க்க வினாக்களுமாகும்.

வடபுலத்துக் கராச்சுகளின் அண்மைக்கால வரலாறு இவ்விவாதத்துக்கு வேறொரு பரிமாணத்தைச் சேர்க்கின்றது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்கு வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் 1940 களிலும் 50 களிலும் பிரித்தானியாவில் உருவான ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களே. அழுத்த விகிதம் குறைந்த அவற்றின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயைப் பொறுத்துக் கொண்டன. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை ஐதாக்கியது, பிளக்குகளில் கரி படிந்தது, எஞ்சின் தட்டியது. எந்தத் தொழில்நுட்பக் கைந்நூலின்படி நோக்கினும் அது பிழையான ஓட்டமே.

ஆனால் நள்ளிரவில் பிரசவ வலியோடு துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய காருக்கு அந்தப் பிழையான ஓட்டமே சரியான ஓட்டமாயிற்று. நாளை வரப்போகும் சரியான சாமானைவிட, இன்று கையிலுள்ள பொருத்தமற்ற சாமான் உயர்ந்தது என்னும் நிலை அது. ஆகவே செம்மை என்பது காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட ஒரு தூய வடிவம் அன்று. எதற்காக, யாருக்காக, எவ்வளவு காலத்துக்காக என்ற வினாக்களோடு பிணைந்தே அது பொருள் பெறுகின்றது. தற்காலிகத் திருத்தம் தன்னளவில் இழிந்ததன்று. அது தற்காலிகமானது என்பதை உரிமையாளருக்குச் சொல்லாது விடுவதே இழிவு. நல்ல மெக்கானிக், "இது சாவகச்சேரி மட்டும் போகும், அதுக்கங்காலை நான் பொறுப்பில்லை" எனச் சொல்லியனுப்புவார். அந்த ஒரு வாக்கியத்திலே திருத்தத்தின் முழு ஒழுக்கமும் அடங்கியுள்ளது.

அவ்வாண்டுகளைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறாகும். பற்றாக்குறை கைவினையை வளர்த்தது உண்மையே. அதேவேளை, "ஓடினாச் சரி" என்னும் மனப்பாங்கையும் அது வளர்த்தது. 2002 இல் ஏ-9 வீதி திறந்து சாமான்கள் வந்து சேர்ந்த பின்னரும் அம்மனப்பாங்கு கராச்சுகளை விட்டு முற்றாக அகலவில்லை. நெருக்கடியில் பிறந்த குறுக்குவழி, நெருக்கடி நீங்கியபின் பழக்கமாகி நின்றுவிடுவது மோட்டார் தொழிலுக்கு மட்டும் உரிய நோயன்று.

இந்நோய் நீடிப்பதற்கான காரணத்தைப் பொருளியல் ஓரளவு விளக்குகின்றது. 1970 இல் ஜோர்ஜ் அக்கலொவ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டது. விற்பவருக்குக் காரின் குணம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் தீயதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் இரண்டுக்கும் நடுவான விலையையே கொடுக்க முன்வருவார். அவ்விலைக்கு நல்ல காரை விற்க விரும்பாதவர் சந்தையை விட்டு விலகுவார், தீயவை எஞ்சும். 2001 இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத்தந்த இக்கருத்து, திருத்தத்துக்கும் அவ்வாறே பொருந்துகின்றது. வாடிக்கையாளருக்குத் தெரிவன இரண்டே: எத்தனை நாள், எத்தனை ரூபாய். போல்ற் எந்த ஒழுங்கில் இறுக்கப்பட்டது என்பதை அவர் காணார். காணக்கூடிய விரைவிலும் விலையிலும் போட்டி நிகழ, காணமுடியாத செம்மை சந்தையினின்றும் மெல்ல ஒதுக்கப்படுகின்றது. நேர்மையான மெக்கானிக் ‘இழுத்தடிப்பவர்’ என்று பெயர் வாங்குவதன் இரகசியம் இதுவே.

இன்று இவ்வினா முன்னரிலும் கூர்மையாக எழுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இன் தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிதிறக்கும்வரை, இலங்கையர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினர். அவற்றுட் பல கலப்பின வண்டிகள். எஞ்சினோடு உயர் மின்னழுத்தப் பற்றரியையும் கொண்டவை. கணினிக் கருவியொன்றைப் பொருத்தினால் சில நிமிடங்களில் பழுதின் குறியெண் திரையில் தோன்றுகின்றது. சிந்தையின் நேரத்தை இயந்திரம் மீதப்படுத்திவிட்டது போல இது தோன்றலாம். ஆனால் குறியெண் நோயின் அறிகுறியைச் சொல்கின்றதேயன்றிக் காரணத்தை எப்போதும் சொல்வதில்லை. ஓர் உணரி தவறான அளவைத் தருகின்றது என அது அறிவித்தால், உணரி பழுதா, அதற்குச் செல்லும் வயர் அறுந்ததா, உணரி உண்மையைத்தான் சொல்கின்றதா என்பதை ஒரு மனிதரே நின்று பார்த்தறிய வேண்டும். பார்க்காமல் உணரியை மாற்றுபவர் புதிய கருவியைக் கொண்டு பழைய அவசரத்தையே செய்கின்றார்.

இங்கேதான் சமூகம் தன் பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. கராச்சில் வாடிக்கையாளர் சாமானுக்குக் காசு கொடுக்கின்றார். கழற்றிப் பூட்டிய கைக்கும் கொடுக்கின்றார். இரண்டு மணித்தியாலம் சோதித்துவிட்டு, "சாமான் ஒண்டும் மாத்தத் தேவையில்லை, ஒரு வயர்தான் கழண்டிருந்தது" என்று மெக்கானிக் சொன்னால், "பாத்ததுக்கு என்ன காசு?" என்ற கேள்வியே பிறக்கின்றது. வைத்தியரிடம் எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. எதற்குக் கூலி இல்லையோ அது தொழிலினின்றும் மறைந்துபோகும். பார்த்தலுக்குக் கூலி கொடுக்க மறுக்கும் சமூகம், பாராமலே சாமானை மாற்றும் மெக்கானிக்குகளைத் தானே உருவாக்கிவிட்டுப் பின்னர் அவர்களது நேர்மையின்மையைப் பற்றிக் குறைகூறுகின்றது.

கழற்றிய பழைய சாமானை உரிமையாளரிடம் காட்டிக் கொடுத்தல், செய்தது இன்னது, செய்யாது விட்டது இன்னது என ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல், பயிலும் பொடியன் இறுக்கியதை வேறொருவர் சரிபார்த்தல், பார்த்த நேரத்துக்குத் தனியே கூலி குறித்தல் ஆகிய இவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. எந்தச் சிறு கராச்சிலும் நாளையே தொடங்கக் கூடியவை. காணமுடியாத செம்மையைச் சிறிதளவேனும் காணத்தக்கதாக்குவதே இவற்றின் பயன். செம்மையான திருத்தத்துக்குச் சாட்சி பெரும்பாலும் ஒன்றும் நிகழாமையே. பள்ளிக்கூட வாசலில் திடீரெனக் குறுக்கே ஓடிய பிள்ளைக்கு முன்னால் முச்சக்கர வண்டியொன்று நின்றுவிடுகின்றது, பிள்ளை ஓடிவிடுகின்றது, வண்டிக்காரர் ஏசிவிட்டுப் போகின்றார். அன்று மாலை ஏழு மணிவரை விளக்கு வைத்துப் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிய கையை அங்கே எவரும் நினைப்பதில்லை. நினையாவிடினும் பாதகமில்லை, அந்தக் கைக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறையாதிருந்தால் போதும்.